பிறர் எழுதிய ஹோம்ஸ் கதைகள்



1891ஆம் ஆண்டு யூலை மாதம் இலண்டனில் வெளிவந்த 'ஸ்ட்ரான்ட்' சஞ்சிகையில் பொஹீமிய மன்னன் ஒருவனைப் பற்றிய துப்பறியும் கதையொன்று இடம்பெற்றது. கதையைச் சொல்பவர் டொக்டர் வொட்சன். திருமணஞ் செய்து தனிக்குடித்தனம் போய்விட்ட அவர், தம் நண்பர் ஷேர்லொக் ஹோம்ஸைப் பற்றி இடையிடையே தம் காதில் விழுந்த செய்திகளைச் சில சொற்களிற் கூறிச் செல்கின்றார். ஒடெசா நகரில் நிகழ்ந்த ஒரு கொலை; ஒல்லாந்து அரச குடும்பத்தின் பொருட்டு மேற்கொண்ட இரகசியப் பணி; இவ்விரண்டுக்கும் நடுவே, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரருக்கு நேர்ந்த விசித்திரமான துயரம். அவ்வளவுதான். அச்சகோதரர் யாவர், அவர்களுக்கு நேர்ந்தது யாது, ஹோம்ஸ் அம்மர்மத்தை எவ்வாறு அவிழ்த்தார் என்பனவற்றை ஆசிரியர் ஆதர் கொனன் டொயில் பின்னர் எங்கும் சொல்லவில்லை.

இவ்வாறு பெயரை மட்டும் சொல்லிக் கதையைச் சொல்லாது விட்ட வழக்குகள் டொயிலின் நூல்களிற் பல உண்டு. குடையை எடுத்துவர வீட்டினுள்ளே திரும்பிச் சென்றவர் அதன்பின் உலகத்தார் கண்ணிற் படவேயில்லை என்றொரு குறிப்பு. சுமாத்திராவின் இராட்சத எலி என்று இன்னொன்று. இவற்றின் குறிப்புகளெல்லாம் இலண்டன் வங்கியொன்றின் நிலவறையில், வொட்சனின் தகரப் பெட்டிக்குள் கிடக்கின்றனவாம். தம் துப்பறிவாளருக்கு ஓயாத வேலையிருந்தது என்று காட்டுவதற்காகவே டொயில் இவற்றைத் தூவிச் சென்றிருக்க வேண்டும். வாசகரோ அவற்றை வேலியில்லாத காணியாகக் கண்டார்கள். வேலியில்லாத காணிக்குள் யார்தான் கால் வைக்கமாட்டார்? அவ்வாறு கால் வைத்தவர்களின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

காணிக்குரியவரே அதனைப் பெரிதாக மதிக்கவில்லை என்பதை முதலிற் சொல்லிவிட வேண்டும். 1859இல் எடின்பரோவிற் பிறந்து, அந்நகரிலேயே மருத்துவம் பயின்றவர் டொயில். நோயாளியைப் பார்த்த மாத்திரத்தே அவரது தொழிலையும் ஊரையும் சொல்லிவிடும் தம் ஆசிரியர் ஜோசப் பெல்லை மனதிற் கொண்டு அவர் படைத்த ஹோம்ஸ், 1887இல் ஓர் ஆண்டு மலரில் முதன்முதலாகத் தோன்றினார். அந்நாவலின் முழு உரிமையையும் டொயில் 25 பவுணுக்கு விற்றுவிட்டார். தமக்கு நிலையான புகழைத் தரக்கூடியவை சரித்திர நாவல்களே என்பது அவர் எண்ணம். ஸ்ட்ரான்ட் கதைகள் தொடங்கிச் சில மாதங்களுக்குள்ளேயே, ஹோம்ஸைக் கொன்றுவிடலாமா என்று யோசிப்பதாகத் தாயாருக்கு எழுதினார். தாயார் கூடாதென்று தடுத்தார். ஆயினும் 1893 டிசெம்பரில் சுவிற்சர்லாந்தின் நீர்வீழ்ச்சியொன்றில் ஹோம்ஸ் மறைந்தார். வாசகரின் கோபத்துக்கும் பதிப்பாளரின் பொருளுக்கும் இணங்கி 1903இல் அவரை மீட்டுக்கொண்டு வந்து, 1927வரை எழுதினார். நான்கு நாவல்கள், ஐம்பத்தாறு சிறுகதைகள். இவ்வறுபதுமே முதனூல்.

நம் இலக்கண நூலார் முதனூல், வழிநூல், சார்புநூல் எனப் பிரித்துரைப்பர். முதனூலின் கருத்தோடு முழுவதும் ஒத்து, வேண்டிய வேறுபாட்டை மாத்திரம் தான் சேர்ப்பது வழிநூல். ஹோம்ஸ் கதைகளுக்கு முதலில் வந்தவை வழிநூல்களல்ல, நையாண்டிகள். முதற் சிறுகதை வெளிவந்து நான்கே மாதங்களில், 1891 நவம்பரில், டொயிலின் நண்பர் ஜே. எம். பாரி பெயர் குறிப்பிடாமல் ஒரு கேலிக்கதையை வெளியிட்டார். பீற்றர் பான் என்னும் சிறுவனைப் பின்னாளிற் படைத்தவர் இவரே. இருவரும் சேர்ந்தெழுதிய இசை நாடகமொன்று 1893இல் மேடையிற் படுதோல்வியடைந்தபோது, துயரத்தை ஆற்றுவதற்குப் பாரி இன்னொரு கேலிக்கதை எழுதி, தம் நூலொன்றின் முகப்பேட்டில் வரைந்து நண்பருக்குப் பரிசளித்தார். தோற்றுப்போன ஆசிரியர்கள் இருவர், தம் நாடகத்துக்கு மக்கள் ஏன் வரவில்லை என்பதைத் துப்பறியுமாறு ஹோம்ஸிடமே வருகிறார்களாம்! டொயில் அதனைப் போற்றிவைத்து, முப்பதாண்டுகளுக்குப் பின் தம் சுயசரிதையிற் சேர்த்துக்கொண்டார்.

நாடகக்காரரிடமும் அவர் இவ்வாறே தாராளமாக நடந்தார். ஹோம்ஸுக்கு மேடையில் திருமணஞ் செய்துவைக்கலாமா என்று அமெரிக்க நடிகர் வில்லியம் ஜில்லெற் தந்தியிற் கேட்டபோது, மணஞ் செய்து வைத்தாலும் கொன்றாலும் உமது விருப்பம் என்ற கருத்தில் விடை போயிற்று. 1899இல் மேடையேறிய அந்நாடகத்தில் ஜில்லெற் அடுத்த முப்பது ஆண்டுகள் விட்டுவிட்டு நடித்தார்.

ஆனால் கேளாமல் எடுத்துக்கொண்டவர்களிடம் அவர் அப்படியிருக்கவில்லை. 1906இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்லாங், தம் கதாநாயகனாகிய கனவான் திருடன் ஆர்சேன் லூபனுக்கு எதிராக ஷேர்லொக் ஹோம்ஸைப் பெயரோடும் புகழோடும் கொண்டுவந்து நிறுத்தினார். டொயில் தரப்பில் ஆட்சேபம் எழுந்தது. லெப்லாங் அஞ்சினாரல்லர், இரண்டு எழுத்துக்களை இடம்மாற்றி 'ஹேர்லொக் ஷோம்ஸ்' ஆக்கினார், வேலை முடிந்தது. ஜெர்மனியிலோ 1907 முதல் வாரந்தோறும் மலிவு விலைப் புத்தகங்கள் ஹோம்ஸின் பெயரில் வெளிவரலாயின. டொயிலின் ஜெர்மன் பதிப்பாளர் தடுத்தபின் தலைப்பிலிருந்து மட்டும் பெயர் நீங்கியது. கதைகள் இருநூறு இதழ்களுக்கு மேல் ஓடின. அவற்றில் வொட்சன் இல்லை. அவருக்குப் பதில் ஹாரி டக்ஸன் என்னும் இளைஞன் துணைவனாக வருகின்றான். வொட்சன் இல்லாத இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நலம்; பின்னர் அதற்குத் திரும்புவோம்.

1911இல் இரண்டு சம்பவங்கள் நிகழ்ந்தன. ஒன்று விளையாட்டு. ரொனால்ட் நொக்ஸ் என்னும் இளம் அறிஞர் ஒக்ஸ்போர்டிற் கட்டுரையொன்று வாசித்தார். வேத நூல்களை ஆராயும் ஜெர்மானியப் பேராசிரியர்களின் முறையைக் கேலிசெய்து, ஹோம்ஸ் கதைகளையும் அம்முறையால் ஆராய்ந்தார். நீர்வீழ்ச்சிக்குப் பின் வந்த கதைகள் போலி, அவற்றை எழுதியவர் வேறொரு வொட்சன் என்று வாதிடும் பண்டிதர்களைத் தாமே கற்பித்துக்கொண்டார். இடைச்செருகல் ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. கம்பன் பாடல் எது, வெள்ளியம்பலத் தம்பிரான் பாடல் எது என்று நம்மவர் பிரித்துப் பார்த்ததுண்டு. நொக்ஸ் செய்தது சிரிப்பதற்காக. டொயிலும் அதை வாசித்து மகிழ்ந்து அவருக்கு நீண்ட கடிதம் எழுதினார்.

மற்றச் சம்பவம் சிரிப்புக்குரியதன்று. ஆதர் விற்றேக்கர் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், ஹோம்ஸ் கதையொன்றைத் தாமாகவே எழுதித் தட்டச்சிற் பொறித்து, இருவருமாகச் சேர்ந்து வெளியிடலாமே என்ற வேண்டுகோளோடு டொயிலுக்கு அனுப்பினார். டொயிலின் பதில் மரியாதையானது. கூட்டெழுத்துக்கு இணங்கவியலாது, பாத்திரங்களின் பெயர்களை மாற்றிவிட்டு உமது பெயரிலேயே வெளியிடலாமே, அன்றேல், கதைக்கருவை மாத்திரம் நான் வாங்கிக்கொள்கிறேன் என்பது அதன் சாரம். விற்றேக்கர் பத்துக் கினியைப் பெற்றுக்கொண்டார். டொயில் அக்கருவைப் பயன்படுத்தவேயில்லை. தட்டச்சுப் பிரதி அவரது தாள்களுக்கிடையே கிடந்தது. 1930இல் டொயில் காலமானார்.

1942இல் டொயிலின் சரித்திரத்தை எழுத முற்பட்ட ஹெஸ்கெத் பியர்சன் அப்பிரதியைக் கண்டெடுத்தார். அறியப்படாத ஹோம்ஸ் கதை! செய்தி பரவியது. கதை தரத்திற் குறைந்ததென்று குடும்பத்தார் முதலில் தயங்கினர், அபிமானிகள் விடவில்லை. 1948 ஆகஸ்டில் அமெரிக்காவின் 'கொஸ்மொபொலிற்றன்' சஞ்சிகையிலும், 1949 தொடக்கத்தில் இலண்டன் ஞாயிறு இதழொன்றிலும், ஆதர் கொனன் டொயிலின் கதையென்றே அது வெளியாயிற்று.

அப்பொழுது விற்றேக்கர் உயிரோடிருந்தார். தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர். இஃது என் கதை என்று அவர் எழுதியபோது குடும்பத்தார் எளிதில் நம்பினாரல்லர். உலகமே தேடிய பொருளுக்கு, பெயரறியாத கட்டடக் கலைஞர் ஒருவர் உரிமை பாராட்டினால் யார்தான் நம்புவர்? அவரிடம் இரண்டு தாள்கள் இருந்தன: தட்டச்சின் காபன் பிரதி, டொயில் எழுதிய கடிதம். முப்பத்தெட்டு ஆண்டுகள் அவர் அவற்றைக் காப்பாற்றி வைத்திருந்தார். அவற்றைக் கண்டபின்னரே கதை அவருடையதென்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே விற்றேக்கர் இறந்துபோனார்.

வழக்கைத் தீர்த்தது காபன் தாள், இலக்கிய நுகர்ச்சியன்று. டொயிலின் பெயர் மேலே இருந்தவரை, கதையின் குறைகளுக்கு வாசகர் தாமே சமாதானம் கற்பித்துக்கொண்டனர். எழுதும்போது களைத்திருந்தாரோ, வெளியிட வேண்டாமென்றுதான் ஒதுக்கி வைத்தாரோ என்றெல்லாம். பெயர் விலகியதும் அதே குறைகள் பூதக்கண்ணாடியின் கீழ் வந்துவிட்டன. கதையில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பெயர்களை மாற்றி எழுதும் என்று டொயில் கூறிய அறிவுரையை, அதனை அறியாமலே கைக்கொண்டவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். 1928இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டிருந்த ஓகஸ்ட் டேர்லெத் என்னும் பத்தொன்பது வயது மாணவர், இனியும் ஹோம்ஸ் கதைகள் வருமா என்று டொயிலுக்கு எழுதிக் கேட்டார். வாரா என்று பதில். அப்படியாயின் நான் எழுதுகின்றேன் என்று, நாட்காட்டியில் ஒரு தேதியைக் குறித்துவைத்து, அத்தேதியில் உட்கார்ந்து எழுதினார். ஆனால் ஹோம்ஸைத் தொடவில்லை. சோலர் பொன்ஸ் என்று ஒரு துப்பறிவாளர். பேக்கர் வீதிக்குப் பதில் பிராட் வீதி. வொட்சனுக்குப் பதில் டொக்டர் பாக்கர். இலண்டனை நேரிற் பாராமலே அதனைப் பற்றி எழுபது கதைகளுக்கு அருகில் எழுதிக் குவித்தார். முதனூலின் தொகையைச் சீடர் கடந்துவிட்டார். 1971இல் டேர்லெத் இறந்தபின் பசில் கொப்பர் என்ற ஆங்கிலேயர் பொன்ஸ் கதைகளைத் தொடர்ந்தார். வழிநூலுக்கும் ஒரு வழிநூல்!

வானொலியைக் குறிப்பிடாது போவது நமக்கு அழகன்று. 1930 ஒக்டோபரில் அமெரிக்க வானொலியில் ஹோம்ஸ் நாடகங்கள் தொடங்கின. முதல் நாடகத்தில் முதியவரான அதே ஜில்லெற் நடித்தார். எழுதியவர் ஈடித் மைசர் என்னும் பெண்மணி. முதனூலில் இருப்பவை அறுபதே கதைகள். வாரத்துக்கொன்று வீதம் ஒலிபரப்பினால் அவை எத்தனை நாளைக்குப் போதும்? கதைகள் தீர்ந்தபோது மைசர் புதியனவற்றைத் தாமே புனைந்தார். பசில் ரத்போன் ஹோம்ஸாகவும் நைஜல் புரூஸ் வொட்சனாகவும் 1939 முதல் குரல் கொடுத்த நாடகங்களும் இவ்வழியே சென்றன. பிற்காலத்தில் டெனிஸ் கிறீன், அன்ரனி பௌச்சர் இருவரும் எழுதினர். இந்தப் புதிய ஹோம்ஸ் கதைகள் கேட்டவரோடு காற்றிற் போயின. ஒலிப்பதிவுகள் எஞ்சியவற்றை இன்று கேட்கும்போது, அவசரத்தில் எழுதியவையாயினும் உயிருள்ளவை என்றே எனக்குப் படுகின்றது. கதையை வொட்சன் நெருப்பருகே அமர்ந்து சொல்வதாக அமைத்ததே அதற்குக் காரணம்.

டொயிலின் மைந்தர்களான டெனிஸும் ஏட்ரியனும் தந்தையின் தாராளத்தைப் பின்பற்றவில்லை. 1944இல் எல்லெரி குயீன், பாரி முதல் மார்க் ட்வெயின், அகதா கிறிஸ்ரி ஈறாகப் பலர் எழுதிய முப்பத்துமூன்று நையாண்டிகளையும் வழிக்கதைகளையும் தொகுத்து ஒரு நூலாக்கினார். குடும்பத்தாரின் நெருக்குதலால் அந்நூல் விற்பனையிலிருந்து நீங்கியது. தந்தை போற்றிவைத்த பாரியின் கதையும் அதற்குள் இருந்தது! ஆனால் பத்தாண்டு செல்வதற்குள் ஏட்ரியனே, ஜோன் டிக்சன் கார் என்னும் கைதேர்ந்த மர்மக் கதையாசிரியரோடு சேர்ந்து பன்னிரண்டு புதிய ஹோம்ஸ் கதைகளை எழுதி, 1954இல் நூலாக வெளியிட்டார். முதற் கதையே, நான் தொடக்கத்திற் சொன்ன அந்த ஒடெசாக் கொலையைப் பிடித்துக்கொண்டது. பின்னொன்று குடைக்காரரின் கதை. கார் நோயுற்று விலகவே பின்பாதியை ஏட்ரியன் தனித்தெழுதினார். கார் கைவைத்த கதைகளிற் புதிரின் பொறி நன்றாக ஓடுகின்றது. ஏட்ரியன் எழுதியவற்றிற் சூழ்நிலை நன்று. இரண்டிலும் ஒரு குறை. ஹோம்ஸ் தம் அறிவைக் காட்டும்போதெல்லாம், பின்னாலிருந்து எவரோ கைதட்டச் சொல்வது போலிருக்கின்றது.

வழிநூலார் பெரும்பாலும் தவறுமிடம் இதுவே என்பது என் எண்ணம். அவர்கள் ஹோம்ஸைப் படியெடுக்கின்றனர்: குழாய், வயலின், முழங்காலில் ஒட்டிய சேற்றைக் கண்டு ஊரைச் சொல்லுதல். இவை எவருக்கும் எளிது. கடினமானது வொட்சன். இவர் மூடரல்லர், போர்க்களம் கண்ட மருத்துவர், நண்பரை வியப்பவர், சிலவேளை அவர்மேற் சினம் கொள்பவர், தாம் அறியாததை அறியாததாகவே எழுதும் நேர்மையுடையவர். அவ்விழிகளின் வழியே பார்ப்பதனால்தான் ஹோம்ஸ் பெரியவராகத் தெரிகின்றார். ஐயமிருப்பின் டொயிலையே சான்றாகக் காட்டலாம். முதுமையில் இரண்டு கதைகளை ஹோம்ஸே சொல்வதாக எழுதினார். இன்னொன்றை மேடை நாடகத்திலிருந்து எடுத்துப் படர்க்கையில் எழுதினார். மூன்றும் சோர்ந்தவை. ஹோம்ஸ் தம் கதையைத் தாமே சொல்லும்போது, கடைசிவரை எதையும் மறைத்துவைக்க நியாயமில்லாமற் போகின்றது, வியப்பதற்கும் ஆளில்லை. வொட்சனை விட்டுப் பிரிந்த டொயில், தமக்கே ஒரு வழிநூலாசிரியராகிவிட்டார்.

பின்வந்தோரிற் சிலர் இதனை உணர்ந்திருந்தனர். 1974இல் நிக்கலஸ் மெயர் என்னும் அமெரிக்கர், கொக்கெயின் பழக்கத்தால் நலிந்த ஹோம்ஸை வொட்சன் தந்திரமாக வியன்னாவுக்கு அழைத்துச் சென்று சிக்மண்ட் பிராய்டிடம் சேர்ப்பதாக எழுதிய நாவல் பெருவாரியாக விற்றது. அதன் உயிர் மர்மத்தில் இல்லை. நண்பனை ஏமாற்றியேனும் காப்பாற்ற வேண்டிய வொட்சனின் மனவேதனையில் இருக்கின்றது. அதன்பின் புதிய நூல்கள் பெருகின. 2011இல் அன்ரனி ஹொரோவிற்ஸ் உரிமையாளரின் ஒப்புதலோடே ஒரு நாவல் எழுதினார்.

நம் பகுதிக்கு அண்மையிலிருந்து வந்தது, 1999இல் இந்தியாவில் வெளியான ஜம்யாங் நோர்புவின் நூல். நோர்பு திபெத்தியர். நீர்வீழ்ச்சியிலிருந்து தப்பிய ஹோம்ஸ், தாம் திபெத்திற் சஞ்சரித்ததாக 1903ஆம் ஆண்டுக் கதையில் இரண்டொரு சொற்களிற் கூறுகின்றார். அந்த இடைவெளியை நோர்பு நிரப்பினார். ஆனால் அப்பயணத்தில் வொட்சன் இல்லையே! நண்பர் இறந்துவிட்டாரென்று அவர் இலண்டனிற் துயருற்றிருந்த காலமது. நோர்பு செய்த உபாயம் நல்லது: கிப்ளிங்கின் 'கிம்' நாவலில் வரும் ஹரி பாபு என்னும் வங்காளியைக் கதைசொல்லியாக்கினார். ஒற்றராகவும் கல்விமானாகவும் கோழையென்று தம்மைத் தாமே சொல்லிக்கொண்டு துணிவோடு நடப்பவராகவும் விளங்கும் பாபுவின் ஆங்கிலம், வொட்சனின் ஆங்கிலமன்று. கண் மட்டும் வொட்சனின் கண். அந்நாவலின் பின்னால் நாடிழந்த மக்களின் குறை நிற்கின்றது. அதனால் ஹோம்ஸைக் கொண்டு அவர் செய்வது வெறும் விளையாட்டாகத் தோன்றவில்லை.

காணியின் உறுதி பற்றியும் சொல்லி முடிக்கலாம். பிரித்தானியாவில் டொயிலின் பதிப்புரிமை 2000ஆம் ஆண்டோடு முற்றாகக் காலாவதியாயிற்று. அமெரிக்காவில் 1923 முதல் வெளிவந்த பத்துக் கதைகளுக்கு மாத்திரம் உரிமை எஞ்சியிருந்தது. புதிய கதைகளின் தொகுப்பொன்றை வெளியிட முயன்ற லெஸ்லி கிளிங்கர் என்னும் சட்டத்தரணியிடம், அப்பத்தினைக் காட்டி முழு ஹோம்ஸுக்கும் கட்டணம் கேட்டனர் உரிமையாளர். 2014 யூனில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை மறுத்தது. பழைய கதைகளில் வளர்ந்த பாத்திரம் எல்லார்க்கும் உரியது என்று தீர்ப்பாயிற்று. 2020இல் வேறொரு வழக்கு: ஹோம்ஸின் தங்கையாக ஒரு பெண்ணைப் புனைந்த நூல்களையும் அவற்றின் திரைப்படத்தையும் எதிர்த்தது. அக்கதைகளில் ஹோம்ஸ் பிறரிடம் அன்பு காட்டுகின்றார். அன்பு பிந்திய பத்துக் கதைகளிலேதான் அவருக்கு வந்தது. ஆகவே அன்புள்ள ஹோம்ஸ் எமக்கே உரியவர் என்பது வாதம். வழக்கு அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே கைவிடப்பட்டது. 2023 சனவரி முதலாந் தேதி கடைசிக் கதைகளின் உரிமையும் நீங்கியது.

ஆதலின் திருகோணமலையில் நடந்ததை எழுத விரும்புவோர் இனி எவர் அனுமதியையும் நாட வேண்டியதில்லை. பிரித்தானியக் கடற்படை தங்கிய அந்நாளைய துறைமுகம், கோட்டை, கோணேசர் மலையடியில் மோதும் கடல், தம்பியோடு அண்ணனோ அண்ணனோடு தம்பியோ செய்த ஏதோவொரு பிழை, இவையெல்லாம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளன. ஓர் இடர்ப்பாடு மட்டும் உண்டு. அச்செய்தியை வொட்சன் கேள்விப்பட்டார் என்றே டொயில் எழுதியிருக்கின்றார். அவர் இலண்டனில் நோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதையைச் சொல்வதற்கு முதலில் வேறொருவரைத் தேடிப்பிடிக்க வேண்டும்.